அமானிட்டா என்றால் மரணமா?

கேள்வி: காளான்களில் கொடிய நஞ்சு உள்ளது 'அமானிட்டா' என்ற பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) என்று படித்தேன். கிரேக்க மொழியில் அதற்கு 'மரணம்' என்று பொருளாமே, உண்மையா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: இல்லை அம்மா. பழைய கிரேக்கர்கள் சாப்பிடும் காளானைத்தான் 'அமானிட்டை' என்றார்கள். 2ஆம் நூற்றாண்டு வைத்தியர் காலென், கெடுதல் குறைந்த காளான்களில் அதற்கு இரண்டாம் இடம் கொடுக்கிறார். இன்றும் கிரேக்கத்தில் காளானுக்கு 'மனிதாரி' என்றுதான் பெயர். அதே சொல்லின் பேரப்பிள்ளை. 1797இல் பெர்சூன் என்ற அறிஞர் இந்தப் பேரினத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். இதே பேரினத்தில் இத்தாலியர்கள் விரும்பி உண்ணும் சீசர் காளானும் உண்டு. நீங்கள் படித்த 'மரணம்' அநேகமாக 'டெத் கேப்' என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து வந்திருக்கும். அது இந்தப் பேரினத்தின் ஒரே ஓர் இனத்துக்கான பெயர், அமானிட்டா ஃபல்லாய்டிஸ்.

டெத் கேப் மொட்டாக இருக்கும்போது நம் வைக்கோல் காளான் மாதிரியே இருக்கும். இரண்டுக்கும் அடியில் பை உண்டு. 2012 புத்தாண்டு விருந்துக்காகக் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் டெத் கேப்பைச் சமைத்துச் சாப்பிட்டு இருவர் இறந்துபோனார்கள். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு சாகாது.

வித்தியாசம் வித்துத்தூளில், அதாவது குடைக்கு அடியிலிருந்து உதிரும் தூளில் தெரியும். ஊட்டிப் பக்கம் பைன் மரத்தடியில் வெள்ளைப் பொட்டு வைத்த சிவப்பு அமானிட்டா ஒன்றை ஒருமுறை எடுத்துவந்தேன். குடையை மட்டும் நறுக்கி, கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே டம்ளரால் மூடி வைத்தேன். காலையில் திறந்தால், கோலமாவில் சக்கரம் வரைந்த மாதிரி வெள்ளை வெளேரென்று கோடுகள்! வைக்கோல் காளான் என்றால் அது இளஞ்சிவப்பாக விழும். ஆனால் இதை மட்டும் நம்பிக் காட்டுக் காளானைச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் சுத்தமாக உதவாது.

யாராவது தெரியாமல் சாப்பிட்டிருந்தால், டெத் கேப் விஷயத்தில் வாந்தியும் பேதியும் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். அப்புறம் ஒரு நாள் உடம்பு தேறியது போலவே இருக்கும். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சரியாகிவிட்டது என்று வீட்டில் உட்காராமல், மிச்சக் காளானைக் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.