வளாகப் பூனை கீறினால் முதல் 15 நிமிடம்

சீனாவில் செங்டு பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரப்போகும் தம்பி கேட்டிருக்கிறார்: குளிர் தாங்குமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, வளாகத்தில் திரியும் பூனைகளுக்குத் தீனி போடலாமா, நாய் கடித்தால் எங்கே போவது, ஒன்றை எடுத்து வளர்க்கலாமா. குளிருக்கு நல்ல ஜாக்கெட், சாப்பாட்டுக்கு ஒரு குக்கர். அந்த இரண்டும் அதோடு முடிந்தது. மற்றதைத்தான் வந்த புதிதில் யாரும் சொல்லித் தருவதில்லை.

கடியிலிருந்து தொடங்குகிறேன். பல்லோ நகமோ தோலைக் கிழித்தால் நேரே குழாயடிக்குப் போங்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோயின் வைரஸ் மேலுறையில் இருப்பது கொழுப்பு, சோப்பு அதைச் சிதைத்துவிடும். ஒப்புக்கு நனைத்துவிட்டு வந்தால் பலனில்லை. பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் என்று ஊர் வைத்தியம் எதுவும் வேண்டாம்.

பல்கலைக்கழகத்தின் சொந்த மருத்துவமனையில் பெரும்பாலும் ரேபிஸ் தடுப்பூசி இருக்காது, வெளியே அனுப்புவார்கள். 'ச்சுவென்ஷாங் மென்ஜென்' என்று கேளுங்கள். நாய்க்கடிப் பிரிவு அதுதான், பூனைக்கும் அங்கேதான். கடி பட்ட பிறகு தேடாமல், வந்த முதல் வாரமே கைப்பேசி வரைபடத்தில் குறித்து, இரவிலும் திறந்திருக்குமா என்று விசாரித்து வையுங்கள். பாஸ்போர்ட்டும், இங்கே எல்லோரும் பணம் கட்டும் விசாட் (WeChat) செயலியில் பணமும் கையோடு இருக்கட்டும். காப்பீடு தரும் என்று நம்பிப் போகாதீர்கள், தடுப்பூசிக்குப் பல இடங்களில் கைக்காசுதான்.

ரத்தம் வராத கீறல் என்றால் தடுப்பூசி மட்டும். ரத்தம் வந்துவிட்டால், அது பூனை நகக் கீறலாக இருந்தாலும், மருத்துவர்கள் பிரிக்கும் மூன்று வகைகளில் மிகத் தீவிரமான மூன்றாம் வகை. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 1,200 யூனிட், அதாவது 200 யூனிட் குப்பி ஆறு. செலவு ஏறுவது இதில்தான், மிச்சம் பிடிக்க நினைப்பதும் இதில்தான். பிடிக்காதீர்கள். காயத்தைச் சுற்றியே அதைப் போட வேண்டும். முதல் நாள் விட்டுப்போனால் முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பிறகு பயனில்லை.

தடுப்பூசி புஜத்தில்தான். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் தாத்தா காலத்துக் கதை. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 14, 28ஆம் நாள் என்று ஐந்து ஊசி ஒரு முறை. முதல் நாள் இரண்டு கையிலும் ஒவ்வொன்று, பிறகு 7, 21ஆம் நாள் என்பது இன்னொன்று. செமஸ்டர் நடுவில் வகுப்பை விட்டு ஓட வேண்டியவருக்கு இரண்டாவதுதான் சௌகரியம். வசந்த விழா (சீனப் புத்தாண்டு) விடுமுறை நெருங்கினால் மீதி ஊசி எங்கே, எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஊரில் ஏற்கெனவே முழுசாகப் போட்டிருந்தால் அந்தச் சீட்டைக் கொண்டுவாருங்கள். அப்போது 0, 3 என்று இரண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.

நம்மவர்களில் ஒரு கூட்டம் 'ஊரில் பார்க்காத நாயா' என்று மார் தட்டும். இன்னொரு கூட்டம் 'சீனாவில் நாயே மிச்சமிருக்காது' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டையும் கேட்காதீர்கள். சாயங்காலம் எந்தக் குடியிருப்புக்குள் போனாலும் நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்துகிறவர்கள்தான்.

தெருநாய் கதை வேறு. முன்பெல்லாம் கேண்டீன் வாசலில் படுத்திருந்து, பிள்ளைகள் வைத்த பெயருக்கு வாலாட்டும் கறுப்பு நாய் ஒன்று பல வளாகங்களில் இருக்கும். 2023 அக்டோபரில் உங்கள் செங்டுவை ஒட்டிய சோங்ஜோவில் ராட்வீலர் இன நாய் ஒன்று குழந்தையைக் குதறிய பிறகு நாடு முழுக்கத் தெருநாய்ப் பிடிப்பு நடந்தது, வளாகங்களையும் விடவில்லை. அதனால் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது பூனைகள்தான். ஜூன், ஜூலையில் எண்ணிக்கை கூடும். பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் சிலர் வளர்த்ததை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வரும்.

தீனி போடலாம், ஆனால் தனியாகத் தொடங்காதீர்கள். தொடர்ந்து போடுகிறவரையே வளர்ப்பவராகக் கருதி நஷ்டஈடு கட்டச் சொன்ன தீர்ப்புகள் இங்கே உண்டு. பல வளாகங்களில் மாணவர்களின் பூனைச் சங்கம் இருக்கும். பீகிங் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பூனையின் பெயரும் படமும் விசாட் செயலியிலேயே கிடைக்கும். சங்கம் சொல்லும் இடத்தில், சொல்லும் நேரத்தில், உலர்தீனியும் தண்ணீரும் வையுங்கள். கேண்டீன் மிச்சம் வேண்டாம், உப்பும் எண்ணெயும் வெங்காயமும் பூனைக்கு ஆகாது. காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை முடிந்தது என்று பொருள். ரேபிஸ் ஊசி போட்டதற்கு அது சான்றில்லை, கீறினால் குழாயடிதான். தெரிந்த பூனை என்றால் அதற்கு நோய் வருகிறதா என்று பத்து நாள் கண்ணில் வைத்திருக்கச் சங்கத்திடம் சொல்லுங்கள், ஆனால் முதல் ஊசியை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

எடுத்து வளர்ப்பது பற்றி: ஆசிரியர் குடியிருப்பு ஒப்பந்தத்தில் செல்லப்பிராணி கூடாது என்று இருக்கிறதா என்று முதலில் படியுங்கள். நாய் என்றால் ஊருக்கு ஊர் விதி மாறும். பெய்ஜிங்கின் நகரப் பகுதியில் 35 சென்டிமீட்டருக்கு மேல் உயரமான நாய் வைக்க முடியாது. ஒரு வருட ஒப்பந்தத்தில் வருகிறவர் பூனையைக்கூடத் தொடாமல் இருப்பது நல்லது.