கார் வரையும் பையன் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

கென் ஒகுயாமா பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஜப்பான்காரர், இத்தாலியின் கார் டிசைன் கம்பெனி பினின்ஃபரினாவில் இருந்தபோது என்ஸோ ஃபெராரி என்ற காரை வரைந்தவர், நடுவில் அமெரிக்காவில் டிசைன் கல்லூரியில் துறைத்தலைவராகப் போனவர் என்று எழுதியிருந்தீர்கள். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் பையனுக்கும் காட்டினேன். அவன் எந்நேரமும் கார்தான் வரைகிறான். நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் கார். என் மச்சான், ‘மெக்கானிக்கல் சேரட்டும், படம் வரைவதெல்லாம் சோறு போடாது’ என்கிறார். பனப்பாக்கத்தில் ஜாகுவார் ஃபேக்டரி வருகிறதே, அங்கே டிசைன் வேலை கிடைக்காதா? இன்னொரு சந்தேகம். ஃபெராரி வரைந்த ஆள் எதற்கு வாத்தியார் வேலைக்குப் போகவேண்டும்? நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோல் வெட்ட மாதிரி எடுக்கும் பேட்டர்ன் செக்‌ஷனில் 22 வருடமாக இருக்கிறேன். பத்தாவதுதான் படித்தேன், இந்த லைனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் வரைந்த ஆறு படங்களை அனுப்பியிருக்கிறேன். பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

படங்களைப் பார்த்தேன். கை நன்றாக ஓடுகிறது. நானும் அந்த வயதில் வரைந்தவன்தான். காட்பாடியில் எங்கள் தெரு வழியாகப் போன பட்டுக்கோட்டை அழகிரி என்ற அந்தக்கால அரசு பஸ்களை விதவிதமாக வரைவேன், எல்லாமே அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். உங்கள் பையன் என்னைவிட எவ்வளவோ மேல்.

முதலில் வாத்தியார் விஷயம். நம் ஊரில் வேறு வேலை கிடைக்காதவன் வாத்தியார் ஆகிறான் என்றொரு நினைப்பு இருக்கிறது. கார் டிசைன் உலகத்தில் கணக்கு வேறு. ஒகுயாமா ஜப்பானில் யமகத்தாவில் 1959-இல் பிறந்தவர். ஜப்பானில் படித்துவிட்டு, கலிஃபோர்னியாவின் ஆர்ட் சென்டர் கல்லூரிக்குப் போனார். அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸ், போர்ஷே, பினின்ஃபரினா. 2000-இல், தான் படித்த அதே ஆர்ட் சென்டரில் வாகன வடிவமைப்புத் துறையின் தலைவரானார். பினின்ஃபரினாவில் இருந்தபோது வரைந்த என்ஸோ வெளிவந்தது 2002-இல். 2004-இல் மறுபடியும் பினின்ஃபரினா, இந்த முறை டிசைன் டைரக்டராக. அதாவது வாத்தியார் வேலை அவருக்கு ஓய்வுக்கால வேலை இல்லை, ஓட்டத்தின் நடுவிலேயே வந்தது.

அதே கல்லூரியில் அவருக்கு முன்னால் ஸ்ட்ராதர் மக்மின் என்று ஒருவர் இருந்தார். இளம் வயதில் ஜெனரல் மோட்டார்ஸில் வரைந்தவர், 1948-இல் கற்பிக்க வந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் அங்கேயே இருந்தார். அதற்கிடையில் 1973-இல் டொயோட்டா கலிஃபோர்னியாவில் டிசைன் ஸ்டூடியோ தொடங்கியபோது அதற்கும் கை கொடுத்தார். அவர் வரைந்து ரோட்டில் ஓடும் கார் எது என்று கேட்டால் சொல்வது கஷ்டம். அவரிடம் படித்தவர்கள் வரைந்த கார்கள் உலகம் முழுக்க ஓடின.

ஏன் அப்படி? இந்தத் தொழிலைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொள்ள முடியாது. மாணவன் தன் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லார் முன்னாலும் நிற்கவேண்டும். வாத்தியார் அதன்மேல் ஒரு டிரேசிங் பேப்பரை வைத்து, பானட் கோட்டை நூலளவு இறக்கி, கூரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வரைந்து காட்டுவார். அவ்வளவுதான், படுத்துக் கிடந்த கார் எழுந்து நிற்கும். அந்த நூலளவைக் கண் பிடிக்கவேண்டும் என்றால், பிடிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். நீங்கள் பேட்டர்ன் வேலையை யாரிடம் கற்றீர்கள்? ஏதோ ஒரு மேஸ்திரி பக்கத்தில் நின்று திட்டியிருப்பார்தானே.

ஒகுயாமா தன் பேச்சுகளில் சொல்லும் ஒரு கதை. என்ஸோவுக்காக நெடுநாள் செய்த டிசைனைப் பார்க்க ஃபெராரியின் தலைவர் வந்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. கிளம்பத் தயாராகிவிட்டார். ஒகுயாமாவின் மேலதிகாரி அவரைச் சாப்பிடச் சொல்லிக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்தார். ஒகுயாமாவுக்குக் கிடைத்தது 15 நிமிடம். அதற்குள் வரைந்துகொண்டு போய் நீட்டிய படம்தான் என்ஸோ ஆனது. இதைக் கேட்பவர்கள் 15 நிமிடத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் போன வருடங்கள்தான் கண்ணில் படுகின்றன.

ஃபெராரியோடு அவர் நிற்கவும் இல்லை. சொந்தக் கம்பெனி தொடங்கி, புல்லட் ரயில்கள் வடிவமைத்தார், யன்மார் கம்பெனிக்கு டிராக்டர் வடிவமைத்தார். எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம், சொந்த ஊரான யமகத்தாவின் பழைய கைத்தொழில்காரர்களோடு, இரும்பு வார்ப்பவர்களோடும் கம்பளம் நெய்பவர்களோடும் உட்கார்ந்து வேலை செய்தது. இரும்புக் கெட்டில் ஒன்றைக் காரை வரைந்த அதே கையால் வரைந்தார்.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. ‘இந்த லைனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது’ என்கிறீர்கள். ஐயா, நீங்கள் அந்த லைனில்தான் இருக்கிறீர்கள்! ஷூவுக்கு எப்படிப் பேட்டர்ன் எடுக்கிறீர்கள்? லாஸ்ட் என்னும் கால் வடிவ அச்சின்மேல் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் கோடு வரைந்து, பிறகு டேப்பை உரித்துத் தட்டையாக்குகிறீர்கள். கார் ஸ்டூடியோவிலும் டேப்தான். சுவரில் காரின் நிஜ அளவுக்குக் கறுப்பு டேப்பை இழுத்து இழுத்து ஒட்டிக் கோடு பார்ப்பார்கள். பென்சில் கோட்டை அழிக்கவேண்டும், டேப்பை உரித்து ஒட்டினால் போதும். அதற்குப் பிறகு முழு அளவில் ஒரு க்ளே மாடல் செய்வார்கள். இது குயவர் களிமண் இல்லை, மெழுகு கலந்தது, சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும். இறுகியதைச் சுரண்டிச் சுரண்டி வடிவம் எடுக்கவேண்டும். அதன்மேலும் டேப்பை ஒட்டித்தான் பார்ப்பார்கள். சீட்டுக்குத் தோல் வெட்டுவது இருக்கிறதே, அது அப்படியே உங்கள் வேலை. வளைந்த பரப்பைத் தட்டையான தோலில் சுருக்கம் விழாமல் கொண்டுவருவது.

பையனின் படங்களுக்கு வருகிறேன். ஆறும் பக்கவாட்டுப் படம். ஆறிலும் சக்கரம் ராட்சச சைஸ், ஜன்னல் ஒரு கீற்று. போனில் வரும் படங்களைப் பார்த்து வரைந்தது தெரிகிறது, தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறோம். ஆனால் எந்தக் காரிலும் ஆள் உட்கார இடம் இல்லை. கால் நுழையாத ஷூவை நீங்கள் பாஸ் பண்ணுவீர்களா? தெருவில் நிற்கும் சாதாரணக் கார் ஒன்றின் முன் அவனை நிறுத்துங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இன்னும் எத்தனை சக்கரம் வைக்கலாம் என்று எண்ணச் சொல்லுங்கள். ஏறக்குறைய மூன்று வரும். உயரம் இரண்டு சக்கரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு மீறினால் டிசைன், தெரியாமல் மீறினால் கார்ட்டூன்.

பனப்பாக்கம். 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 9,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்தார்கள். ராணிப்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நல்ல செய்திதான். ஆனால் அது கார் கட்டும் இடம், வரையும் இடம் இல்லை. ஜாகுவார் லேண்ட் ரோவரின் டிசைன் ஸ்டூடியோ இங்கிலாந்தில் கேய்டனில் இருக்கிறது. கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்றால், ரெனோ 2025-இல் சென்னையில் ஒரு டிசைன் சென்டர் திறந்திருக்கிறது.

உங்கள் மச்சானோடு சண்டை வேண்டாம். அவர் சொல்லும் வழியிலும் போகலாம். மஹிந்திராவின் எக்ஸ்யூவி 500 கார் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய ராம்கிருபா அனந்தன், பிலானியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, பிறகு பம்பாய் ஐஐடியின் டிசைன் பள்ளியான ஐடிசியில் டிசைன் படித்தவர். டிசைன் பட்டப்படிப்பான பி.டெஸ்ஸுக்கு நேராகப் போவது என்றால் ஐஐடிகளுக்கான யூசீட் தேர்வும், தேசிய டிசைன் கல்லூரியான என்ஐடியின் தேர்வும் இருக்கின்றன. இரண்டுக்கும் எந்த குரூப் படித்தவனும் எழுதலாம், இரண்டிலும் கையால் வரையவேண்டும். வாகனத்துக்கென்றே படிப்பது மேற்படிப்பில், என்ஐடியின் காந்திநகர் வளாகத்திலும் ஐடிசியிலும் அது இருக்கிறது. போட்டி கடுமை, செலவும் உண்டு. உத்தரவாதம் தர நான் ஆள் இல்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். கம்பெனியில் கழித்துப் போட்ட லாஸ்ட் ஏதாவது கிடைத்தால், கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கூடவே ஒரு ரோல் மாஸ்கிங் டேப். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, டேப்பைச் சுற்றி, கோடு போட்டு, உரித்துக் காட்டுங்கள். அப்புறம் அவனையே ஒரு ஷூ வரைந்து பேட்டர்ன் எடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை சுருக்கம் விழும், நீங்கள் கை வைக்காதீர்கள். அந்தச் சுருக்கத்தோடு ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.