தவழும் குழந்தைக்கு எந்த விளையாட்டுச் சாமான்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. முட்டி போட்டுத் தவழ்கிறாள். கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கப் பார்க்கிறாள். கடையில் கேட்டால் ஆக்டிவிட்டி டேபிள் (மேல்தட்டில் விளையாட்டுகள் பொருத்திய குட்டி மேசை), ஆக்டிவிட்டி கியூப் (பக்கத்துக்கு ஒரு விளையாட்டு உள்ள பெட்டி), தள்ளிக்கொண்டு நடக்கிற வண்டி என்று மூன்றையும் எடுத்துப் போடுகிறார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? (கோவை வாசகி)

பதில்: முதலில் நகராத சாமானை வாங்குங்கள். உங்கள் மகள் இப்போது பழகிக்கொண்டிருப்பது எழுந்து நிற்பதை. பிடித்து எழும்போது உடம்பின் எடை முழுவதும் கையில் பிடித்த பொருளின் மேல் சாயும். சக்கரம் உள்ள வண்டியைப் பிடித்தால் அது முன்னால் ஓடிவிடும், குழந்தை முகம் குப்புற விழும். அதனால் தள்ளுவண்டியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அவளே நாலு அடி எடுத்து வைக்கும்போது அதைப் பற்றி யோசிக்கலாம்.

மிச்சம் இருக்கிற இரண்டில் என் ஓட்டு ஆக்டிவிட்டி டேபிளுக்கு. ஒரு நிபந்தனை, கால்களைக் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கால்களைக் கழற்றிவிட்டுத் தரையில் வைத்தால் உட்கார்ந்தும் தவழ்ந்து வந்தும் விளையாடுவாள். பிடித்து நிற்பது நன்றாகப் பழகியதும் கால்களை மாட்டிக்கொள்ளலாம். ஒரே சாமான் ஆறேழு மாதத்துக்கு உதவும். கியூப் வாங்குவதானால் கனமான மரக் கியூப் பரவாயில்லை. லேசான பிளாஸ்டிக் கியூப், பிடித்து எழுந்தால் கவிழும்.

கடையில் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மாட்டி வைத்த மாடல் ஒன்றைக் காட்டச் சொல்லி, அதன் ஒரு ஓரத்தை உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். எதிர்ப்பக்கக் கால் தரையை விட்டு எழும்பினால் அந்த டேபிள் வேண்டாம். கால்கள் 'டக்' என்று பூட்டிக்கொள்கின்றனவா, அல்லது வெறுமனே சொருகி நிற்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். குழந்தை நின்றால் மேல்தட்டு அவள் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். நெஞ்சுக்கு மேலே போனால் தொங்குவாள், இடுப்புக்குக் கீழே இருந்தால் கவிழ்ந்து விழுவாள்.

அப்புறம், எத்தனை பொத்தான், எத்தனை பாட்டு என்று எண்ணி வாங்க வேண்டாம். இந்த வயதில் உருட்டுவது, திருகுவது, திறந்து மூடுவது, ஒரு ஓட்டையில் போட்டு இன்னொன்றில் எடுப்பது, இவைதான் திரும்பத் திரும்பச் செய்யப் பிடிக்கும். ஒரே பொத்தானை அழுத்தினால் ஏழு பாட்டு பாடுகிற சாமானில் வேலை முழுவதையும் சாமானே செய்துவிடுகிறது. பாடுகிற சாமானே வேண்டும் என்றால் அதை உங்கள் காதருகே வைத்துக் கேளுங்கள். உங்களுக்கே இரைச்சலாக இருந்தால் ஸ்பீக்கரை ஒட்டிக் காது வைத்து விளையாடும் குழந்தைக்கு அது கண்டிப்பாக அதிகம்.

பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு மூடியதா என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நகத்தால் நெம்பினால் திறக்கிற மூடிக்குள் பட்டன் பேட்டரி இருந்தால் அந்தச் சாமான் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெட்டியில் '3 வயதுக்கு மேல்' என்று போட்டிருந்தால், 'என் பெண் சூட்டிகை, விளையாடிவிடுவாள்' என்று வாங்கிவிடாதீர்கள். அந்த எச்சரிக்கைக்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. தொண்டையில் அடைக்கிற சிறு பாகங்கள் உள்ளே உண்டு என்பதற்காகத்தான் பெரும்பாலும் அதைப் போடுகிறார்கள். இதற்கான பரிசோதனைக் குழாயின் விட்டம் 31.7 மி.மீ., நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்தக் குழாய்க்குள் முழுவதுமாக அடங்கிப்போகிற எதுவும் மூன்று வயதுக்குள் ஆபத்து. பொம்மையில் கயிறு இருந்தால் ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆடாத மர ஸ்டூலோ கனமான சோபாவோ வீட்டில் இருந்தால், அதன் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் மரக் கரண்டியையும் வையுங்கள். எழுந்து நின்று தட்டுவதற்கு அது போதும். தவழ வைக்க ஒரு துணிப் பந்து. இரண்டாயிரம் ரூபாய் செலவழித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கேள்வி: என் நாத்தனார் தன் மகன் பயன்படுத்திய வட்ட வாக்கரை ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குழந்தையை நடுவில் உட்கார வைத்தால் காலால் உந்திக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறான், அழுவதே இல்லை. வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (மதுரை வாசகி)

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். கனடாவில் இந்த வட்ட வாக்கரை 2004 ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டார்கள். அங்கே பழையதைக்கூட விற்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் தடை வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டு வருகிறது. அந்த நாட்டில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த பதினைந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் அடி, பெரும்பாலும் படிக்கட்டில் உருண்டது.

நம் வீடுகளில் படிக்கட்டு மட்டும் இல்லை. நிலைப்படியில் சக்கரம் தட்டினால் வாக்கர் அப்படியே கவிழும். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் கொதிக்கிற ரசம் கீழேதான் இருக்கும். பூஜை அறையில் விளக்கு எரியும். பாத்ரூமில் பக்கெட்டில் தண்ணீர் நிற்கும். தவழும் குழந்தை அங்கே போய்ச் சேர்வதற்குள் நீங்கள் பிடித்துவிடலாம். வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் போய்விடும். பக்கத்திலேயே நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. உட்கார்ந்தபடி உயரமும் கூடிவிடுவதால், மேசை விரிப்பு, இஸ்திரிப் பெட்டியின் ஒயர் எல்லாம் கைக்கு எட்டும்.

சீக்கிரம் நடப்பான் என்பதும் நடக்காத காரியம். தொங்கியபடி நுனிக்காலால் உந்துவது நடை இல்லை. தன் எடையைத் தானே தாங்கி, தடுமாறி, பொத்தென்று உட்கார்ந்து, மறுபடி எழுந்தால்தான் நடை வரும். குழந்தையைத் தாங்கிப் பிடிக்கிற சாமான் அந்தப் பழக்கத்தைக் கொடுக்காது. குழந்தை தானாகப் பிடித்துக்கொள்கிற சாமான் கொடுக்கும்.

நாத்தனார் மனம் நோகாமல் இருக்க ஒரு வழி உண்டு. பல வாக்கர்களில் முன்னால் இருக்கும் விளையாட்டுத் தட்டு தனியாகக் கழன்று வரும். அதை மட்டும் தரையில் வைத்து விளையாடவிடுங்கள், "அண்ணி கொடுத்ததுதான்" என்று சொல்லுங்கள். மீதியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், உடைத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பேரனுக்குப் பத்து மாதம். தெரிந்த தச்சரிடம் சொல்லி மர நடைவண்டி செய்து கொடுக்க ஆசைப்படுகிறேன். பழைய காலத்துச் சாமான் என்று மகள் யோசிக்கிறாள். செய்யலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தாராளமாகச் செய்யுங்கள் ஐயா. நடைவண்டியில் குழந்தை உட்காருவதில்லை, நின்று தள்ளுகிறது. வட்ட வாக்கருக்கும் இதற்கும் அதுதான் பெரிய வித்தியாசம். ஆனால் பேரன் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கத் தொடங்கிய பிறகே கையில் கொடுங்கள்.

அந்தக் காலத்தில் வண்டி மண் தரையிலும் சிமெண்டுத் தரையிலும் மெதுவாக உருண்டது. இன்று டைல்ஸில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். தச்சரிடம் சக்கரத்தைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாக ஒட்டச் சொல்லுங்கள். அடிப்பகுதியை அகலமாக வைத்து ஒரு சின்னப் பெட்டி போல அடைத்துவிட்டால், இரண்டு கிலோ மணலை மூட்டையாகக் கட்டி உள்ளே வைக்கலாம். வண்டி நிதானமாக நகரும், பின்னால் சாயாது. நடை தேறத் தேற மணலைக் குறைத்துக்கொள்ளலாம்.

கைப்பிடி அவன் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வரட்டும். இன்றைய உயரத்துக்குச் செய்தால் சில மாதங்களில் குட்டையாகிவிடும், அதனால் இரண்டு உயரத்தில் மாட்டுகிறபடி துளை போடச் சொல்லுங்கள். ஆணி வேண்டாம், ஸ்குரூவும் பசையும் போதும். ஸ்குரூத் தலை மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். மூலைகளை எல்லாம் உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உங்கள் உள்ளங்கையால் ஒருமுறை முழுவதும் தடவிப் பாருங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குழந்தை கைப்பிடியைக் கடிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பட்டறையில் மிச்சமிருக்கும் பழைய டப்பா எந்தக் காலத்தது என்று யாருக்குத் தெரியும்? மரத்தை வண்ணம் பூசாமல் விட்டுவிடுவதே நல்லது. பளபளப்பு வேண்டும் என்றால் அரக்குப் பூச்சு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் செய்பவர்களும் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்களும் கடைசலில் அரக்கைத்தான் ஏற்றுவார்கள்.

கேள்வி: ஊர்த் திருவிழாக் கடையில் ஒரு ஆக்டிவிட்டி டேபிள் பாதி விலைக்குக் கிடைத்தது. 'சிஇ' முத்திரை இருக்கிறது, ஐஎஸ்ஐ இல்லை. வெளிநாட்டுச் சாமானுக்கு ஐஎஸ்ஐ தேவையில்லை என்கிறார் கடைக்காரர். சரிதானா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: சரியில்லை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டில் செய்து இங்கே கொண்டுவந்தாலும் அதேதான். சிஇ என்பது ஐரோப்பாவுக்கான அடையாளம், அதை ஐஎஸ்ஐக்குப் பதிலாக வைத்துக்கொள்ள முடியாது.

ஐஎஸ்ஐ சின்னம் மட்டும் இருந்தாலும் போதாது, அதை யாரும் அச்சடித்துவிடலாம். சின்னத்தின் மேல் ஐஎஸ் எண் இருக்கும்: பேட்டரி இல்லாத பொம்மைக்கு 9873, மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடுவதற்கு 15644. கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்த முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். பெட்டியில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

விலக்கும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும், மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் ஐஎஸ்ஐ கட்டாயமில்லை. பிளாஸ்டிக் டேபிள் எந்த விதத்திலும் அதில் வராது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் குழந்தைக்குப் பத்து மாதம். தவழவே இல்லை, உட்கார்ந்தபடி நகர்கிறான். தவழ வைக்கும் பொம்மை ஏதாவது உண்டா? (சேலம் வாசகி)

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, முட்டி போட்டுத் தவழ்வது ஐந்து மாதத்திலும் வரலாம், பதின்மூன்றரை மாதத்திலும் வரலாம். அந்த ஆய்வில் நூற்றில் நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலே நடந்துவிட்டன. குப்புறப் போட்டு, எட்டாத தூரத்தில் பிடித்த பொருளை வைத்து, நீங்களும் எதிரில் படுத்துக் கூப்பிடுங்கள், அதற்கு மேல் பொம்மை எதுவும் செய்யாது. ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தினாலும், உடம்பு துவண்டோ விறைப்பாகவோ தெரிந்தாலும் பொம்மைக் கடைக்குப் போகாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஆக்டிவிட்டி டேபிளின் கால் முதல் நாளே உடைந்துவிட்டது. நல்லவேளை, குழந்தைக்கு அடி இல்லை. 'இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்று விற்பனையாளர் கைவிரிக்கிறார். என்ன செய்யலாம்? (சென்னை வாசகர்)

பதில்: 'ரிட்டர்ன் கிடையாது' என்று எழுதி வைத்துவிட்டால் தப்பித்துவிட முடியாது. 2020-இல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது.

முதலில் உடைந்த காலையும், பெட்டியில் உள்ள உரிம எண்ணையும், இணையதளத்தில் அந்தப் பொருளைப் பற்றி எழுதியிருப்பதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் பேசுவது மட்டும் போதாது. 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசைந்து கொடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும்.

குழந்தைப் பொருளில் கால் உடைவது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை, அதே மாடலை வேறு வீடுகளிலும் வாங்கியிருப்பார்கள். அதனால் பிஐஎஸ் கேர் செயலியிலும் ஒரு புகார் போட்டுவிடுங்கள். அதுவரை உடைந்த காலை ஒட்டி மறுபடி நிறுத்த வேண்டாம். மற்ற கால்களையும் கழற்றிவிட்டுத் தரையில் வையுங்கள், உடைந்த இடத்தில் கூர் இருந்தால் மொத்தத்தையும் பரணில் ஏற்றிவிடுங்கள். புகார் முடியும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள், ஆணையம் பொருளைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.