அம்மாவுக்குப் பூ அனுப்பப் போகிறீர்களா? கட்டித் தரப்போகிறவரிடமே பேசுங்கள்

கேள்வி: வெளியூரில் வேலை பார்க்கிறேன். கோவையில் இருக்கும் அம்மாவின் பிறந்தநாளுக்கு அங்குள்ள பூக்கடை மூலம் பூங்கொத்தோ பூங்கூடையோ அனுப்ப ஆசை. நம்பி அனுப்பலாமா? வாடாமல் போய்ச் சேருமா? எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாக அனுப்பலாம். நான் புனேயில் இருக்கிறேன், அம்மா கோவை வடவள்ளியில் இருக்கிறார். ஏழெட்டு வருடங்களாக அம்மாவின் பிறந்தநாள், அப்பா அம்மாவின் கல்யாண நாள், பொங்கல் என்று வருடத்துக்கு மூன்று நாலு தடவை பூ அனுப்பிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவைதான் மனசு நொந்து போனது. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன், நீங்களும் அதே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அன்றைக்கு ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் படத்தைப் பார்த்து ரோஜாக் கூடை ஒன்றுக்கு 1,499 ரூபாய் கட்டினேன். காலை 10 மணிக்குப் போய்ச் சேரும் என்று போட்டிருந்தது. சேர்ந்தது இரவு 9 மணிக்கு. அம்மா போனில், "நல்லா இருக்குது கண்ணு, எதுக்கு இத்தனை செலவு" என்றார். வீடியோ காலில் பார்த்தால் பாதி ரோஜா தலை தொங்கிக் கிடக்கிறது, இதழ் மேலெல்லாம் ஜிகினாத் தூள். அட்டையில் அம்மாவின் பெயர் தப்பாக அடித்திருந்தது. அம்மா அது எதையும் வாய் திறந்து சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

கூடையின் அடியில் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. அம்மாவிடம் நம்பரை வாங்கி அழைத்தேன். சண்டை போடத்தான் அழைத்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்ககிட்ட 1,499 வாங்கினாங்களா? எங்களுக்கு 800 ரூபாய்க்குத்தானுங்க ஆர்டர் வந்துச்சு. அதுவும் சாயங்காலம்தான் வந்துச்சு" என்றார். அவர் மேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது. 800 ரூபாயில் கூடை, பூ, கூலி, வண்டிச் செலவு எல்லாம் அடங்க வேண்டும் என்றால் முந்தின நாள் மீந்த ரோஜாவைத்தான் வைக்க முடியும்.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததில்லை. 1910-லேயே அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சேர்ந்து தந்தி மூலம் ஆர்டர் அனுப்பும் சங்கம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். பிரிட்டனில் அதே மாதிரியான இன்டர்ஃப்ளோரா 1923-இல் வந்தது. இங்கிருக்கிற கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொள்வார், அங்கிருக்கிற கடைக்காரர் பூவைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார், நடுவில் இருப்பவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். பல தளங்கள் இன்றும் நடப்பது இப்படித்தான். நடுவில் கை கூடக் கூடப் பூவுக்கு மிஞ்சுகிற காசு குறையும். ஊர் பேர் தெரியாத இடத்துக்கு அனுப்ப இது உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சொந்த ஊர் அது. அங்கே உங்களுக்கு ஒரு சித்தியோ பழைய சிநேகிதியோ இருப்பார். "நல்ல பொக்கே கடை எது?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் நம்பர் கிடைத்துவிடும்.

எனக்கு அப்படிக் கிடைத்ததுதான் மேட்டுப்பாளையம் ரோட்டில் பூ மார்க்கெட் பக்கம் இருக்கிற சின்னக் கடை. நடத்துவது ஓர் அக்கா. முதல் தடவை அழைத்து, "ரெட் ரோஸ் இருபது வேணும்" என்று ஆரம்பித்தேன். அவர், "யாருக்குங்க? அம்மாவுக்குங்களா? வயசு என்னங்க? வீட்டுல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். அப்புறம், "இன்னிக்கு ரோஸ் சுமாருங்க. நீலகிரி கார்னேஷன் காலையிலதான் வந்து இறங்குச்சு, அருமையா இருக்கு. அதுல பண்ணட்டுங்களா?" என்றார். வெளிர் ரோஸ் நிற கார்னேஷனும் நடுவில் சம்பங்கியும் வைத்து அனுப்பிய கூடை பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மா தினமும் எண்ணிச் சொன்னார்.

ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "இன்றைக்கு என்ன பூ வந்திருக்கிறது?" கோவைக்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்து ரோஜாவும் ஜெர்பராவும் வருகின்றன. கோத்தகிரி, குன்னூர் மலையில் பசுமைக்குடில்களில் விளையும் கார்னேஷனும் லில்லியும் இறங்குகின்றன. சத்தியமங்கலத்திலிருந்து மல்லியும் முல்லையும் சம்பங்கியும் வருகின்றன. இத்தனையும் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்திலோ ஓர் இரவிலோ வந்துவிடும் ஊர் அது. அப்படியிருக்க, ஒரு படத்தில் இருக்கிற பூவேதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பழையது வந்து சேரும். நிறத்தையும் பட்ஜெட்டையும் சொல்லிவிட்டு, பூவை அவரிடம் விட்டுவிடுங்கள். நான் அப்படி விட்ட ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.

போன வருடம் ஊருக்குப் போனபோது அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூடை செய்வதை அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பச்சை ஃபோம் கட்டியை ஒரு பக்கெட் தண்ணீரின் மேல் மெதுவாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். நான் அதைக் கையால் அமுக்கப் போனேன். "அமுக்காதீங்க கண்ணு, தானா முங்கணும். அமுக்கினா வெளியே நனையும், உள்ளே காஞ்சே கிடக்கும். அந்த இடத்துல குத்துன பூ மறுநாளே சாஞ்சுரும்" என்றார். கட்டி தண்ணீரைக் குடித்துக் குடித்து, நிறம் கறுத்து, ஒரு நிமிடத்தில் தானாக அடியில் போனது. அப்புறம் ரோஜாக் கட்டைப் பிரித்தார். இருபது பூ. ஒவ்வொன்றையும் இதழுக்கு அடியில், காம்பு சேரும் இடத்தில், இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தால் வலது பக்கம், மெத்தென்று இருந்தால் இடது பக்கம். இடது பக்கத்தில் மூன்று விழுந்தன. அவற்றை உதிர்த்து இதழாக விற்றுவிடுவாராம். காம்பைச் சாய்வாக வெட்டியதும் ஒரு நொடி தாமதிக்காமல் ஃபோமில் குத்தினார். வெட்டிய முனையில் காற்று ஏறினால் காம்புக்குள் தண்ணீர் ஏறாது, ரோஜா தலை தொங்குவதற்கு அதுதான் முக்கியமான காரணம். எனக்கு அந்த முதல் கூடை ஞாபகம் வந்தது.

தேதி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், இதை எந்தத் தளமும் சொல்லாது. ஆர்டர் கொடுக்கும் முன் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் பூ விலை ஏறியிருக்கும் என்பது ஒரு பக்கம். கடையில் வேலை செய்கிறவர்கள் நடுராத்திரியிலிருந்து மண்டபத்தில் மேடை அலங்காரத்தில் இருப்பார்கள் என்பதுதான் பெரிய பிரச்சினை. அன்று காலை 8 மணிக்கு உங்கள் கூடை போகாது. போனாலும் அவசரத்தில் கட்டியதாக இருக்கும். அந்த மாதிரி நாளில் நான் மதியத்துக்கு மேல் கேட்பேன், இல்லையென்றால் முந்தின நாள் சாயங்காலமே அனுப்பிவிடுவேன். பிப்ரவரி 14-ஐ ஒட்டி ரோஜாவைத் தொடவே மாட்டேன். மார்கழிப் பனியில் மல்லி விளைச்சல் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும், அப்போது செவ்வந்தியும் சம்பங்கியும் கேளுங்கள்.

கொண்டுபோவது பைக்கிலா ஆட்டோவிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கொத்து என்றால் பைக் போதும். கூடை என்றால் ஆட்டோவுக்கு நூறோ இருநூறோ சேர்த்துக் கொடுங்கள். சித்திரை வெயிலில் பைக் முன்னால் வைத்துக் காற்றில் கொண்டுபோனால் இதழ் ஓரம் கருகிவிடும், அரை மணி நேரம் போதும். விலாசத்தோடு பக்கத்தில் உள்ள அடையாளம், வீட்டில் இருப்பவரின் போன் நம்பர், எந்த நேரம் ஆள் இருப்பார்கள், மூன்றையும் அனுப்புங்கள். "சர்ப்ரைஸ்" என்று அம்மாவிடம் சொல்லாமல் விட்டு, அவர் கோயிலுக்குப் போய், பூ கேட்டில் வெயிலில் கிடந்த கதை என் அத்தை வீட்டில் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடமாவது சொல்லி வையுங்கள். அட்டையில் எழுத வேண்டியதைத் தமிழிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். கிளம்பும் முன் ஒரு போட்டோ கேளுங்கள், நல்ல கடை என்றால் நீங்கள் கேட்காமலே அனுப்பிவிடுவார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு அம்மா செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுங்கள். ஃபோம் வைத்த கூடைக்குத் தினமும் மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது மறுபடி சரியாக உறிஞ்சாது. ஜாடி என்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, காம்பின் முனையை அரை அங்குலம் வெட்டிவிட வேண்டும், தண்ணீருக்குள் இலை இருக்கக் கூடாது. ஜெர்பராவுக்கு மட்டும் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், அதிகம் என்றால் காம்பு அழுகும். முக்கியமாகப் பழத்தட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பழுக்கும் வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கார்னேஷனைச் சுருங்க வைத்துவிடும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் பூவுக்கும் பழத்துக்கும் இடம், அதை மாற்றவே ஒரு வருடம் ஆயிற்று. வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதானால் முதலில் வார்டில் கேளுங்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் பூவை உள்ளே விடமாட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு அனுப்புவதே நல்லது.

இதெல்லாம் சரி, நான் ஏன் கடைக்காரரிடம் நேரடியாகப் பேசச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறேன் என்றால், அப்பா இறந்த வருடம் நடந்த ஒன்றால்தான். அப்பா தை மாதம் காலமானார். வைகாசியில் அம்மாவின் பிறந்தநாள். பூ அனுப்பலாமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை. அதுவரை ஒவ்வொரு கூடையோடும் அக்கா நாலு முழம் மல்லிச் சரம் வாழை இலையில் சுற்றி வைப்பார், அம்மா அதை உடனே தலையில் வைத்துக்கொண்டுதான் எனக்குப் போன் பண்ணுவார். இப்போது அழைத்து, "அக்கா, அம்மாவுக்கு..." என்று ஆரம்பித்தேன், மேலே பேச முடியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அம்மா இப்பப் பூ வைக்கிறாங்களா கண்ணு?" என்று கேட்டார். "இல்லக்கா, விட்டுட்டாங்க." "மல்லி வாசம் அவங்களுக்குப் பிடிக்குமில்ல?" "ரொம்பப் பிடிக்கும்." "சரி, நான் பாத்துக்கறேன்."

அன்று அவர் கூடை அனுப்பவில்லை. சரமும் கட்டவில்லை. ஒரு வெண்கல உருளியில் தண்ணீர் ஊற்றி அனுப்ப முடியாது என்பதால், உருளியைத் தனியாகவும், ஈரத் துணியில் சுற்றிய கால் கிலோ உதிரி மல்லி மொட்டைத் தனியாகவும் கடைப் பையனிடம் கொடுத்து, வீட்டிலேயே தண்ணீர் வாங்கி நிரப்பி மிதக்கவிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார். 4 மணிக்குப் போய்ச் சேர்ந்தது. நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார். மல்லியை விடியலில் மொட்டாகப் பறிப்பார்கள், அது பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும். ஏழு மணிக்கு அம்மா வீடியோ காலில் வந்தார். போனை உருளிப் பக்கம் திருப்பி, ஒன்றும் பேசாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மொட்டு ஒவ்வொன்றாக வாய் திறந்துகொண்டிருந்தது. "கூடம் முழுக்க வாசம் கண்ணு" என்றார். அப்புறம், "இதை யாரு குடுத்துவிட்டது? எனக்குக் கடை எங்கேன்னு சொல்லு, நான் போய்ப் பாக்கணும்" என்றார்.

போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். உருளியைத் திருப்பிக் கொடுக்க என்று போனவர், மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். இப்போது மாதத்துக்கு இரண்டு தடவையாவது போகிறார், கூட்டமான நாளில் பூ ஆய்ந்தும் கொடுக்கிறார். போன பொங்கலுக்கு ஆர்டர் கொடுக்க நான் அழைத்தபோது அக்கா சொன்னார்: "நேத்துதான் வந்துட்டுப் போனாங்க. மஞ்சள் செவ்வந்தி எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க, லில்லி வேண்டாமாம், தலை வலிக்குதாம். நீங்க காசு மட்டும் அனுப்புங்க கண்ணு."