போலீஸ்காரர்களுக்குக் குடும்பமே இருக்காதா? என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்

தங்கைக்குப் போலீஸ் மாப்பிள்ளை வரன் வந்திருக்கிறது, 'அவங்களுக்கு வேலைதான் குடும்பம், பொண்ணு தனியாக் கஷ்டப்படும்' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் போலீஸ்காரர்களுக்கும் சேர்த்து என்னால் பதில் சொல்ல முடியாது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் என் அப்பா. மலேசியாவில், பினாங்கில் 35 ஆண்டு போலீஸ் வேலை பார்த்தவர். 2019-இல் தவறிவிட்டார்.

அப்பா கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா, பாட்டி இரண்டு பேருமே பால்மரம் வெட்டியவர்கள். 1971-இல் போலீஸுக்கு ஆள் எடுத்தபோது கோலாலம்பூர் பயிற்சி மையத்துக்குப் போனார். கடைசிவரை அதை 'டிப்போ' என்றுதான் சொல்வார். அது இருக்கிற, இன்று ஜாலான் சுல்தான் யாஹ்யா பெத்ரா என்கிற சாலைக்கு அப்போது கர்னி ரோடு என்று பெயர். பயிற்சி முடிந்து பினாங்குக்கு அனுப்பினார்கள். "போலீஸ் பிறந்த ஊருக்கே என்னை அனுப்பிட்டாங்க" என்று அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. மார்ச் 25 போலீஸ் தினம். 1807-இல் அந்த நாளில் பினாங்குக்கு நீதிச் சாசனம் வழங்கப்பட்டதை வைத்துத்தான் அந்தத் தேதி. வருடா வருடம் அன்று காலை எங்களிடம் அதைக் கேள்வியாகக் கேட்பார். ஆண்டையும் சரியாகச் சொன்னால் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும். பதில் தெரிந்தும் தம்பி வேண்டுமென்றே முழிப்பான். அப்பா அந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியது.

நாங்கள் வளர்ந்தது போலீஸ் குவார்ட்டர்ஸில். காலை, மாலை, இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இரவு டியூட்டி முடிந்து வரும் அப்பாவின் கப்சாய் மோட்டார் சைக்கிள் சத்தம் நான், தங்கை, தம்பி மூன்று பேருக்கும் தூக்கத்திலேயே தெரியும். அம்மா அதுவரை முன்னறை விளக்கை அணைக்கமாட்டார். அப்பா வந்ததும் சீருடையோடு உள்ளே வரமாட்டார். பின்பக்கமாகப் போய்க் குளித்து, கைலி கட்டிக்கொண்டு வந்து, "எல்லாரும் பசியாறியாச்சா?" என்று கேட்பார். அதோடு ஸ்டேஷன் முடிந்தது. லோக்காப்பில் யார் இருந்தார்கள், எந்தத் தெருவில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை வீட்டில் பேசமாட்டார். என்னைப் பின்னாலும் தம்பியை முன்னாலும் உட்கார வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துதான் படுப்பார்.

சனிக்கிழமைதான் எங்களுக்கு அப்பா நாள். அப்போதெல்லாம் இங்கே பள்ளிச் சப்பாத்து (ஷூ) வெள்ளைக் கான்வாஸ். ஆறு சப்பாத்தையும் அவரே பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவார். ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வெள்ளை பூச வேண்டும், காய்ந்த பிறகு பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும் என்பார். பூசி முடித்து, நாக்குப் பகுதியை வெளியே இழுத்துவிட்டு, ஐந்தடியில், அதாவது வீட்டு முன் நடைபாதையில், வரிசையாகச் சாய்த்து வைப்பார். அப்புறம்தான் அவருடைய கறுப்பு பூட்ஸ். கிவி பாலிஷ் டப்பாவைத் திறந்து, துணியை விரலில் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, முனையில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். தம்பி குனிந்து தன் முகம் தெரிகிறதா என்று பார்த்து, "தெரியுதுப்பா" என்று சொன்ன பிறகுதான் நிறுத்துவார். அந்த நேரத்தில்தான் நாங்கள் எல்லாவற்றையும் அவரிடம் சொல்வோம். கணக்கில் ஃபெயில் ஆனதையும் அப்படித்தான் சொன்னேன். கை நிற்கவே இல்லை. "எந்தக் கணக்கு கண்ணு புரியல?" என்று மட்டும் கேட்டார்.

சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. தம்பி பிறந்தபோது அப்பா பக்கத்தில் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் அம்மாதான் தனியாக டாக்சி பிடித்து ஓடினார். தைப்பூசத்துக்கு ஒரு முறைகூட நாங்கள் அப்பாவோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போனதில்லை. தைப்பூசம் என்றால் பினாங்குப் போலீஸுக்கு லீவு எங்கே? பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு ராத்திரி தண்ணீர்மலை அடிவாரம் போய்ச் சேரும்வரை அவர் சாலையில் நிற்பார். இங்கே ரதத்துக்கு முன்னால் சிதறு தேங்காய் உடைப்பது சும்மா பத்து இருபது காய் இல்லை, சாலையே வெள்ளையாகிவிடும். கூட்டத்தை, அதிலும் குழந்தைகளை, சில்லு தெறிக்கும் தூரத்துக்கு வெளியே தள்ளி நிறுத்துவதுதான் அவர் வேலை. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கி அவர் கையில் கொடுப்பார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது என் தலையில் ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான் எங்கள் குடும்பத் தைப்பூசம். மறுநாள் அவர் கால்சட்டையை ஊறப்போடும்போது புளித்த தேங்காய்த் தண்ணீர் வாடை வரும். எனக்கு இன்றைக்கும் தைப்பூசம் என்றால் விபூதி வாசனைக்கு முன்னால் அந்த வாடைதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் தீபாவளிக்கு அவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பார். எதிர்வீட்டு மலாய்க்காரப் பாக்சிக் (மாமா) தீபாவளியன்று அப்பாவின் டியூட்டியைத் தான் எடுத்துக்கொள்வார், ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளன்று அப்பா அவருடையதைப் பார்ப்பார். யாரும் எழுதி வைத்துச் செய்ததில்லை. அந்த வீட்டுக்கு எங்கள் முறுக்கும், எங்கள் வீட்டுக்கு அவர்களுடைய கெத்துப்பாட் என்கிற ஓலைச் சோறும் போய்வரும்.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு 12 வயது. அப்பாவுக்கு அன்று லீவு. புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டு ஆண்ட்டி குடும்பத்தோடு போயிருந்தார். சாயங்காலம், திருவிழாவுக்குப் போனவர்கள் தீவுக்குத் திரும்பப் படகு ஏறும் பட்டர்வொர்த் பெர்ரி முனையத்தின் மேல்தளம் கூட்டம் தாங்காமல் இடிந்து விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. 32 பேர் இறந்த விபத்து அது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டுச் சீருடையை மாட்டினார். மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வந்தார். ஆண்ட்டி குடும்பம் அதற்கு முன்பே பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பா வழக்கம்போல் பின்பக்கம் போகவில்லை. சிமெண்ட் தூளோடு நேராக முன்னறைக்கு வந்தார். என் தலை, தங்கை தலை, தம்பி தலை என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தார், எண்ணுவதைப்போல. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து, கட்டிலை விட்டுவிட்டு நாங்கள் படிக்கும் பாயில் எங்கள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். அக்கரையில், பட்டர்வொர்த்தில், என்ன பார்த்தார் என்று அவர் சாகும்வரை எங்களுக்குச் சொல்லவில்லை.

2006-இல், 55 வயதில், சார்ஜன்ட்டாக ஓய்வு பெற்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஓய்வு பெற்ற முதல் இரண்டு மாதம் அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். காலையில் பசியாறிவிட்டுத் தூங்குவார், மத்தியானம் தூங்குவார். ஏதோ நோய் என்று அம்மா பயந்து டாக்டரிடம் கூட்டிப் போனார். நோய் ஒன்றும் இல்லை. எங்களைப் பள்ளியில் விட்டது, சப்பாத்துக்கு வெள்ளை பூசியது, கணக்குச் சொல்லிக் கொடுத்தது, எல்லாம் அவர் தூங்க வேண்டிய நேரத்தில் செய்தவை. சின்ன வயதில் எங்களுக்கு அது தெரியவில்லை. அப்பாவுக்குத் தூக்கமே வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்தது. வலது கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரால் பூட்ஸ் போட முடியவில்லை, ஆனாலும் சனிக்கிழமைதோறும் அதை எடுத்துப் பாலிஷ் போட்டு வைப்பார். கை நடுங்க ஆரம்பித்தபோது நான் போட்டுக் கொடுத்தேன். "முனையில இன்னும் கொஞ்சம் தண்ணி தொடு" என்பார்.

அதனால் உங்கள் தங்கை விஷயத்தில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை எந்த ஸ்டேஷன், என்ன பதவி என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று அவருடைய அம்மாவிடமோ தங்கையிடமோ கேளுங்கள். எந்த வீட்டிலும் அதை மறைக்க முடியாது. தங்கையிடமும் ஒன்று கேட்க வேண்டும். பண்டிகைக்குத் தனியாகப் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போக அவளால் முடியுமா? என் அம்மா எத்தனையோ வருடம் அப்படிப் போனவர். முடியாது என்று அவள் சொன்னால் அதில் தப்பே இல்லை. சொந்தக்காரர்களுக்குப் பயந்து மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

என் அம்மாவிடம் கேட்டால் அவர் ஒரு நாளும் குறை சொல்லமாட்டார். அப்பாவின் பென்சன் இப்போது அம்மா பேருக்கு வருகிறது. பேங்கில் பணம் ஏறியதும் எனக்குப் போன் பண்ணி, "அப்பா சம்பளம் வந்துருச்சு" என்பார். அந்த வாரக் கடைசியில் என் மகன் போனால் ஐம்பது வெள்ளியை அவன் சட்டைப்பையில் வைத்து, "தாத்தா குடுத்தாரு, சப்பாத்து வாங்கிக்க" என்று சொல்லி அனுப்புகிறார். இப்போது பள்ளிச் சப்பாத்து கறுப்பாகிவிட்டது. அவனுக்கு நான் சனிக்கிழமை கிவிதான் போட்டுக் கொடுக்கிறேன்.