டியுஐ (குடிச்சுட்டு வண்டி ஓட்டின கேஸ்) ஆனதுக்கு அப்புறம் கார் இன்ஷூரன்ஸ்: ஒய்ஃப் பேர்ல போட்டு மறைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார், நான் கலிஃபோர்னியாவுல இருக்கேன். போன வருஷம் பார்ட்டி முடிஞ்சு வர்றப்போ டியுஐல மாட்டிட்டேன், முதல் தடவை, யாருக்கும் அடி படல. கோர்ட்டு வேலை முடிஞ்சுது. லைசென்ஸ் திரும்ப வேணும்னா எஸ்ஆர்-22ன்னு ஒண்ணு வேணும்னு டிஎம்வி (லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ்) சொல்லுது, இருக்கிற கம்பெனியோ அடுத்த மாசத்துக்கு மேல ரினியூ பண்ண மாட்டோம்னு லெட்டர் அனுப்பிட்டாங்க. காரை ஒய்ஃப் பேருக்கு மாத்தி, என் பேரையே சொல்லாம பாலிசி எடுன்னு ஃப்ரெண்ட் சொல்றான். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஃபார்ம்லயே வீட்டுல ஓட்டுற வயசுல யார் யார் இருக்காங்கன்னு கேப்பாங்க, அங்க உங்க பேரை விட்டுட்டு நாளைக்கு நீங்க ஓட்டி எங்கயாவது இடிச்சா, பொய் சொல்லி எடுத்த பாலிசின்னு அதையே செல்லாம ஆக்கிடலாம், அப்புறம் எதிராளி கார், ஆஸ்பத்திரி பில் எல்லாம் உங்க தலையில. ஒய்ஃபோட பிரீமியம் ஏறக்கூடாதுன்னா நேர் வழியே இருக்கு, அவங்க பாலிசியில உங்கள எக்ஸ்க்ளூடட் டிரைவர்னு, அதாவது நீங்க ஓட்டினா கவரேஜ் கிடையாதுன்னு, எழுதி வாங்கலாம். ஆனா அந்தக் காரை நடுராத்திரி எமர்ஜென்சின்னாகூட நீங்க தொடக்கூடாது. ஒரே கார் இருக்கிற வீட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது.

எஸ்ஆர்-22ங்கிறது தனி இன்ஷூரன்ஸ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது வெறும் சர்டிஃபிகேட். "இவருக்கு சட்டப்படி வேண்டிய கவரேஜ் இருக்கு"ன்னு கம்பெனி டிஎம்விக்கு அனுப்புறது, அதுக்கான ஃபீஸ் சின்னதுதான், பர்ஸைக் கடிக்கிறது டியுஐனால ஏறுற பிரீமியம். வழக்கமா 3 வருஷம் இது இருந்துட்டே இருக்கணும், நடுவுல பாலிசி கட் ஆனா கம்பெனியே டிஎம்விக்கு சொல்லிடும், லைசென்ஸ் மறுபடி சஸ்பெண்ட். கார்டு எக்ஸ்பயர் ஆகி ஆட்டோபே ஃபெயிலானது தெரியாம இப்படி மாட்டினவங்கள நானே பாத்திருக்கேன், முடிஞ்சா 6 மாச பிரீமியத்தை மொத்தமா கட்டிடுங்க. கார் இல்லாதவங்களுக்கு நான்-ஓனர் பாலிசின்னு ஒண்ணு உண்டு, வீட்டுலயே கார் நிக்கிற உங்களுக்கு அது ஒத்து வராது.

யார் கொடுப்பாங்கன்னா, ஒரே கம்பெனிக்கு விக்கிற ஏஜெண்ட்ட போகாம பல கம்பெனிக்கு எழுதுற புரோக்கர்கிட்ட போங்க, டியுஐ, எஸ்ஆர்-22 ரெண்டையும் முதல் போன்லயே சொல்லிடுங்க, எப்படியும் உங்க டிரைவிங் ரெக்கார்டை எடுத்துப் பாக்கத்தான் போறாங்க. எல்லாரும் கைவிரிச்சாலும் கலிஃபோர்னியா ஆட்டோமொபைல் அசைன்டு ரிஸ்க் பிளான்னு ஒண்ணு இருக்கு, வெளி மார்க்கெட்ல கிடைக்காதவங்களுக்கு ஏதாவது ஒரு கம்பெனி கவரேஜ் கொடுத்தாகணும்.

பிரீமியத்தைப் பாத்ததும் லயபிலிட்டியை, அதாவது நீங்க இடிச்சு அடுத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கான கவரேஜை, மினிமத்துக்கு இறக்கத் தோணும், அங்க மட்டும் கை வைக்காதீங்க. 2025 ஜனவரி 1லேர்ந்து மினிமமே அடிபட்ட ஒரு ஆளுக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, அடுத்தவங்க பொருளுக்கு 15,000. இன்னைக்கு விக்கிற வண்டி விலைக்கு 15,000 எந்த மூலைக்கு? வீடு, சேமிப்பு இருந்தா மேல ஆகுற தொகைக்கு அதைத் தேடித்தான் வருவாங்க. அதுக்கு பதிலா டிடக்டிபிளை (கிளெய்ம்ல முதல்ல உங்க கையிலேர்ந்து போடுற தொகை) ஏத்துங்க, வண்டி பழசு, லோனும் இல்லன்னா கொலிஷனையே (மோதல்ல உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான கவரேஜ்) வேண்டாம்னு விட்டுடலாம். இன்னொண்ணு, 1988ல வந்த புரொபொசிஷன் 103ங்கிற கலிஃபோர்னியா சட்டப்படி இங்க ரேட்டுக்கு முக்கியமா பாக்குறது டிரைவிங் ரெக்கார்டு, வருஷத்துக்கு எத்தனை மைல், எத்தனை வருஷ அனுபவம். ரெக்கார்டை இப்போதைக்கு ஒண்ணும் பண்ண முடியாது, மைலைக் குறைக்கலாம்ல? வீட்டுலேர்ந்து வேலை பாக்குறீங்கன்னா பழைய கணக்கையே விட்டு வைக்காம நிஜ மைலைச் சொல்லுங்க.

3 வருஷம் முடிஞ்சதும் பழைய ரேட் வந்துடும்னு மட்டும் கணக்குப் போடாதீங்க. 20 சதவீத குட் டிரைவர் டிஸ்கவுண்ட் இங்க டியுஐக்கு அப்புறம் 10 வருஷத்துக்குக் கிடையாது. ஆனா கம்பெனிக்குக் கம்பெனி ரேட் வித்தியாசப்படும், அதனால ஒவ்வொரு ரினியூவலுக்கும் பல கம்பெனியில புதுசா ரேட் கேட்டு வாங்குங்க. மாறும்போது புது கம்பெனி எஸ்ஆர்-22 அனுப்பி டிஎம்வியில ஏறிடுச்சான்னு பாத்துட்டுதான் பழசை கேன்சல் பண்ணணும்.

உங்க லெட்டர்ல கடைசி தேதி போட்டிருக்கும், அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே புது பாலிசி கைக்கு வந்தாகணும், அதனால புரோக்கருக்கு இன்னைக்கே போன் போடுங்க. விசாவுல இருக்கீங்கன்னா டியுஐ அங்கயும் பிரச்சனை பண்ணும், ஊருக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீலை ஒரு தடவை பாத்துடுங்க தம்பி.