குட்டி ரயில், பெரிய செலவு: கேள்வி-பதில்

மாடல் ரயில் பற்றி வந்த கடிதங்கள் தனியாக ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும். கடிதங்களை வெட்டிச் சுருக்கியிருக்கிறேன். இன்ஜினுக்கு யார் எந்தக் கோவிலில் பூஜை போட்டார்கள் என்பதெல்லாம் போய்விட்டது, மன்னிக்கவும்.

கேள்வி: எச்ஓ (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு) செட் வாங்கி மூன்று மாதம் நன்றாக ஓடியது. இப்போது திக்கித் திக்கி ஓடுகிறது, நின்றுவிடுகிறது, விரலால் தள்ளினால் மறுபடி ஓடுகிறது. மோட்டார் போய்விட்டது, மாற்ற 4,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? (வேளச்சேரி)

பதில்: கொடுக்காதீர்கள். தள்ளினால் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது, அதற்குக் கரன்ட்தான் போய்ச்சேரவில்லை. தண்டவாளத்திலிருந்து சக்கரம், சக்கரத்திலிருந்து அதை உரசிக்கொண்டிருக்கும் மெல்லிய செம்புத் தகடு, அங்கிருந்து மோட்டார் என்று 12 வோல்ட் போகிற வழியில் எங்கே கரி படிந்தாலும் இன்ஜின் திக்கும். மூன்று மாதம் ஓடிய செட்டில் கரி படியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், பல மருந்துக்கடைகளிலும் கிடைக்கும். நூல் உதிராத பழைய வேட்டித் துணியை நனைத்துத் தண்டவாளத்தைத் துடையுங்கள், துணி கறுப்பாகும். அப்புறம் அதே மாதிரி ஒரு துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்களைத் துணிமேலும் மறுமுனைச் சக்கரங்களை வெறும் தண்டவாளத்தின் மேலும் வைத்து, கையில் பிடித்துக்கொண்டு பாதி வேகத்தில் சுழலவிடுங்கள். பிறகு இன்ஜினைத் திருப்பி வைத்து மற்ற முனை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு வந்து உட்காரும்.

ஒரு காந்தத்தைத் தண்டவாளத்தில் வைத்தும் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு, சென்னைக் காற்றில் துரு பிடிக்கும், நீங்கள் எவ்வளவு துடைத்தாலும் மாதாமாதம் இதே கதைதான். அடுத்த முறை தண்டவாளம் வாங்கும்போது நிக்கல் சில்வரில் (துரு பிடிக்காத செம்புக் கலவை) வாங்குங்கள். எல்லாம் செய்த பிறகும் ஓடவில்லை என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் இரு பக்கச் சக்கரங்களில் தொட்டுப் பாருங்கள். மோட்டார் சுழன்றால் கடைக்காரர் சொன்னது தப்பு. தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் இன்ஜின் காலையில் அசைவதே இல்லை, மதியத்துக்கு மேல் பிரமாதமாக ஓடுகிறது. கன்ட்ரோலரை மாற்ற வேண்டுமா? கடை எண்ணெய் விலை அதிகம் என்பதால் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். (குன்னூர்)

பதில்: கேள்வியிலேயே பதில் இருக்கிறது ஐயா. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். குன்னூர்க் காலையில் உங்கள் தலைக்கு வைக்கும் பாட்டிலே உறைந்திருக்குமே, கியருக்குள் மட்டும் உறையாதா? கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காதது என்று எழுதியிருக்கும் மாடல் எண்ணெய் வாங்கி, ஊசி முனையில் ஒட்டும் அளவு மட்டும் விடுங்கள். ஒரு சின்னக் குப்பி வருஷக்கணக்கில் வரும்.

கேள்வி: மச்சான் ஜப்பானிலிருந்து ‘என்’ ஸ்கேல் (எச்ஓ-வைவிடச் சிறிய அளவு) செட் கொண்டுவந்தார். நம்ம ஊர் பிளக்குக்கு அடாப்டர் போட்டுச் செருகினோம். ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான். வாரன்டி கிடைக்குமா? (மதுரை)

பதில்: கிடைக்காது. அங்கே 100 வோல்ட், இங்கே 230. நீங்கள் போட்ட அடாப்டர் பிளக்கின் கால்களை மட்டும்தான் மாற்றும். பவர் பேக்கின் முதுகில் ‘இன்புட்’ என்று எழுதியிருப்பதைப் படிக்க அரை நிமிஷம் ஆகியிருக்குமா? பெரும்பாலும் பவர் பேக் மட்டும் போயிருக்கும், இன்ஜினும் தண்டவாளமும் பிழைத்திருக்கும். இங்கே விற்கும் 12 வோல்ட் டீசி கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மச்சானைத் திட்டாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 14,000 ரூபாய்க்குப் புது இன்ஜின் வாங்கினேன். முதல் நாளிலேயே சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக் டிக்’ என்கிறது. அடியில் திறந்து பார்த்தால் அச்சில் இருக்கும் கியர் வெடித்திருக்கிறது. விற்றவர், “ஓட்டியதால் வெடித்தது, பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று இருக்கிறது, பாருங்கள்” என்கிறார். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது. (திருச்சி)

பதில்: இந்த ரப்பர் ஸ்டாம்ப் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கியர். உலோக அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் கியர், காலப்போக்கில் சுருங்கி, இரண்டு பற்களுக்கு நடுவே வெடிக்கும். இது மாடல் இன்ஜின்களில் பல காலமாக இருக்கும் வியாதி. டப்பாவைத் திறக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலே வெடிக்கும். வெடித்த இடத்தில் பற்களின் இடைவெளி விரிந்துவிடுவதால்தான் சுற்றுக்கு ஒரு ‘டிக்’. ஆகவே முதல் நாளில் நீங்கள் ஓட்டியதால் வெடித்தது என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்து ஸ்டாம்ப். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 20 ஜூலை 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2(47) பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியல் போடுகிறது. பில் தராமல் இருப்பது அதில் ஒன்று. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது இன்னொன்று. உங்கள் பில்லில் நாள் கணக்கு இல்லை, வெறும் ஸ்டாம்ப்தான் இருக்கிறது என்றால் உங்களுக்கு 30 நாள். ஒன்பது நாள் போயிருக்கிறது, மீதியைப் போனில் கெஞ்சிக் கழிக்காதீர்கள். இன்றைக்கே மின்னஞ்சலில், கியரின் போட்டோவும் சத்தம் கேட்கும் வீடியோவும் வைத்து, பணம் திருப்பித் தா அல்லது மாற்றித் தா என்று எழுதுங்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்றவரின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.

இதெல்லாம் தெரிந்தவர்கள்கூட இந்தப் பொழுதுபோக்கில் வாயைத் திறப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும். நாட்டில் இந்தச் சரக்கை விற்பவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான், இவரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு உதிரிபாகம் யார் தருவார் என்ற பயம். இதை விற்பவரும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். வேறொரு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பொருளை ‘டெஸ்ட் செய்து பார்த்தோம்’ என்று சொல்லிப் புது விலைக்கு அனுப்பும் தைரியம் அங்கிருந்துதான் வருகிறது. 14,000 ரூபாய் உங்கள் பணம். எழுதுங்கள், பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.

கேள்வி: ஜெர்மன் மெர்க்லின் இன்ஜின் மலிவாகக் கிடைத்தது. எச்ஓ என்றுதான் போட்டிருந்தார்கள், என் தண்டவாளமும் எச்ஓ. வைத்ததும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்து கட்டாகிவிடுகிறது. (பெங்களூரு)

பதில்: இன்ஜினைத் திருப்பி அடியைப் பாருங்கள். நடுவில் நீளமாக ஒரு தகடு தொங்குகிறதா? மெர்க்லின் எச்ஓ, தண்டவாளத்தின் நடுவில் புள்ளி புள்ளியாக இருக்கும் மூன்றாவது தொடர்பிலிருந்து கரன்ட் எடுக்கும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று காப்பிடப்படாதவை, உங்கள் இரு தண்டவாளத்தில் வைத்தால் நேரே ஷார்ட். பழுது எதுவும் இல்லை. அளவு ஒன்று, மின்சார முறை வேறு. மெர்க்லின் வைத்திருப்பவருக்கு விற்றுவிடுங்கள்.

கேள்வி: ‘டிசிசி ரெடி’ என்று டப்பாவில் போட்ட இன்ஜினை டிசிசி லேஅவுட்டில் (டிஜிட்டல் கட்டளையில் ஓடும் தண்டவாள அமைப்பு) வைத்தேன். ரீங்காரம் போடுகிறது, நகரவில்லை. (சிங்கப்பூர்)

பதில்: உடனே எடுங்கள், மோட்டார் சூடாகும். உள்ளே டிகோடர் (அந்தக் கட்டளையைப் படிக்கும் சில்லு) இல்லை, அதைச் செருக ஒரு சாக்கெட் மட்டும் இருக்கிறது. 8 பின்னா, 21 பின்னா, நெக்ஸ்ட்18-ஆ என்று பார்த்து அதற்குப் பொருந்தும் டிகோடர் வாங்குங்கள். புது டிகோடர் பெரும்பாலும் 3 என்ற முகவரியில் (கன்ட்ரோலரில் அதை அழைக்கும் எண்) ஓடும்.

கேள்வி: ஆறு பெட்டியுடன் மேம்பாலம் ஏற முடியாமல் சக்கரம் வழுக்குகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் 8 செ.மீ. ஏற்றம். இன்னும் பெரிய இன்ஜின் பார்த்து வைத்திருக்கிறேன், 22,000 ரூபாய். வாங்கலாமா? (கோவை)

பதில்: மேலே எழுதியிருக்கும் குன்னூர்க்காரர் ஊருக்கு ஒருமுறை ரயிலில் போய்விட்டு வாருங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் சுமார் 12-க்கு 1, அதற்கே தண்டவாளத்தின் நடுவில் பல்பட்டை போட்டு, இன்ஜினில் பல்சக்கரம் வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். நீங்கள் போட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதே சரிவு, பல் மட்டும் இல்லை. 100-க்கு 3-க்கு மேல் போகாதீர்கள், அதாவது 8 செ.மீ. ஏற இரண்டே முக்கால் மீட்டராவது வேண்டும். இடமில்லை என்றால் மேம்பாலத்தை விட்டுவிடுங்கள். சக்கரத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அது காய்ந்து கெட்டியாகிவிட்டதா என்றும் பாருங்கள். 22,000-ஐ எடுத்து வையுங்கள்.

கேள்வி: பெரிய லேஅவுட். கன்ட்ரோலர் பக்கம் வேகம், மறுமுனையில் ஊர்கிறது. 9,000 ரூபாய்க்குப் பெரிய கன்ட்ரோலர் வாங்கியும் அப்படியே இருக்கிறது. (சேலம்)

பதில்: வாங்கிவிட்டுக் கேட்கிறீர்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்கள் தளர்ந்தும் கறுத்தும் போயிருக்கும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வோல்ட் தொலைகிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், இன்ஜின் இல்லாமல் அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காட்டும். மேசைக்கு அடியில் தடித்த வயர் ஜோடி ஒன்றை ஓடவிட்டு, ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் ஓர் இடத்திலாவது அதிலிருந்து தண்டவாளத்துக்கு வயர் இழுத்துச் சால்டர் வையுங்கள். செலவு சில நூறு ரூபாய்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் இன்ஜின் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. ஓடுகிற வீடியோ அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: அந்த வீடியோவில் இன்ஜின் தண்டவாளத்தில் ஓடுகிறதா, கையில் தலைகீழாகச் சுழல்கிறதா? கையில் எல்லாமே ஓடும். நாலு பெட்டியோடு, மெதுவான வேகத்தில், வளைவில் போவதைக் கேளுங்கள். அப்புறம் அடிப்பகுதியின் போட்டோ, பக்கவாட்டில் நேராக எடுத்தது. பழைய துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் பல வருஷம் கழித்து உலோகம் உள்ளிருந்தே வீங்கும், வளையும், மயிரிழையாகப் பிளந்து கடைசியில் பிஸ்கட் போல உதிரும். ஒட்டவோ வெல்டு வைக்கவோ வழியில்லை. என்னிடம் அப்படி ஒரு இன்ஜின் இருக்கிறது, ‘கலெக்டர் பீஸ்’ என்ற விலைக்கு வாங்கியது. சேஸி வீங்கி மேல்கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் கழற்றக்கூட முடியவில்லை. விற்ற புண்ணியவான் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையமும் கைகொடுப்பது கஷ்டம். நேரில் பார்க்க முடியவில்லை என்றால் விடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்திலிருந்து ‘கிஃப்ட்’ என்று எழுதி வரவழைத்தேன். கூரியர் வாசலில் வந்து பெரிய தொகை கேட்கிறார். ஏமாற்றா? (ஓசூர்)

பதில்: ஏமாற்று இல்லை, கஸ்டம்ஸ். மாடல் ரயிலைப் பொம்மைக் கணக்கில் (9503 என்ற சுங்கவரித் தலைப்பு) போட்டிருக்கலாம். பொம்மைக்கான அடிப்படை வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. அதை அனுப்பும் செலவையும் சேர்த்த விலைமேல் போடுவார்கள், அதன்மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி), கூரியரின் கட்டணம். கிஃப்ட் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ரசீதை வாங்கி எந்தத் தலைப்பில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கூரியரின் சேவைக் கட்டணம் அநியாயமாக இருந்தால் அதை மட்டும் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: மேசை 4 அடிக்கு 2½ அடி. எல்எச்பி (இப்போதைய நீளமான எக்ஸ்பிரஸ் ரயில்) பெட்டிகளோடு முழு வட்டம் ஓட வேண்டும். எச்ஓ-வா, ‘என்’ ஸ்கேலா? (தாம்பரம்)

பதில்: ‘என்’தான். எல்எச்பி பெட்டி நிஜத்தில் 23½ மீட்டர், எச்ஓ-வில் 27 செ.மீ. ஆகும், என்-இல் 15-க்குள் அடங்கும். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் பிரிட்டிஷ் நிறுவனமான ஹார்ன்பியின் மிகச் சிறிய வளைவே 371 மி.மீ. ஆரம். வட்டம் போட்டால் 74 செ.மீ., உங்கள் மேசை அகலம் 76. பெட்டியின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு போகும், தடம் புரண்டால் நேரே தரைக்கு.

கேள்வி: பேரனுக்கு மூன்று வயது. எச்ஓ செட் வாங்கித் தரலாமா? (மயிலாப்பூர்)

பதில்: வேண்டாம், சின்னப் பாகங்கள் வாய்க்குள் போகும். அவனுக்கு மரத்தில் செய்த ரயில் வாங்கிக் கொடுங்கள். ஆசை உங்களுக்கு என்றால் செட்டை உங்கள் பேரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பில்லோடு.